டி.எஸ்.எச் 5.8, ஃப்ரீ டி4 இயல்பு, ஆனால் தீராத சோர்வு: இந்த முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

தைராய்டு ரத்தச் சோதனையில் டி.எஸ்.எச் 5.8 என்றும் ஃப்ரீ டி4 வரம்புக்குள் என்றும் வந்திருக்கிறது, மருத்துவர் "பெரிதாக ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார், ஆனால் காலையில் எழுவதற்கே தெம்பில்லை, இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் "பெரிதாக ஒன்றுமில்லை" என்ற சொல்தான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. நான் மருத்துவர் அல்ல. தைராய்டு குறைபாட்டுக்குத் தரப்படும் தைராக்சின் ஹார்மோன் மாத்திரையைப் பல ஆண்டுகளாக உட்கொள்பவள். "மருத்துவரிடம் கேளுங்கள்" என்ற ஒற்றை வரியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று கருதுவோர் இங்கே உண்டு என்பதும் தெரியும். ஆனால் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பது நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும், அது தெரியாததால்தான் நானும் உங்களைப் போலவே தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

முதலில் அந்த எண்களைப் பற்றி. டி.எஸ்.எச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு இடும் கட்டளை. ஃப்ரீ டி4தான் தைராய்டு சுரக்கும் தைராக்சின் ரத்தத்தில் தனித்து உலவும் அளவு. எதிரில் இருப்பவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றால் நாம் குரலை உயர்த்துவதுபோல, தைராய்டு போதிய அளவு சுரக்காதபோது பிட்யூட்டரி டி.எஸ்.எச்சை உயர்த்துகிறது. ஆகவே டி.எஸ்.எச் கூடினால் தைராய்டு குறைகிறது, டி.எஸ்.எச் குறைந்தால் தைராய்டு கூடுகிறது என்பது பொதுவான கணக்கு. ஃப்ரீ டி4 இலேசாகக் குறைந்தாலே டி.எஸ்.எச் பல மடங்கு ஏறிவிடும் என்பதால், கோளாறின் தொடக்கத்தில் முதலில் மாறுவது டி.எஸ்.எச்தான். பெரும்பாலான ஆய்வகங்கள் ஏறத்தாழ 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. இந்த வரம்பு ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் இருக்கும் எல்லையை வைத்து வகுக்கப்படுவது. ஆகவே எந்தக் குறையும் இல்லாத சிலரும் இதற்கு வெளியே நிற்பார்கள். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே சற்று உயர்ந்திருக்கும்.

உங்களுடையதைப் போல டி.எஸ்.எச் மட்டும் சிறிது கூடி, ஃப்ரீ டி4 சரியாக இருப்பதை மருத்துவத்தில் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம் என்கிறார்கள். இதில் ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு செய்யக் கூடாது. டி.எஸ்.எச் பின்னிரவிலும் அதிகாலையிலும் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். கடும் காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறிவரும் வேளையில் தற்காலிகமாக ஏறும். இரண்டு மூன்று மாதம் கழித்து, முடிந்தவரை அதே ஆய்வகத்தில், அதே வேளையில் மறுபடி பார்த்தால் பலருக்கு அது தானாகவே இயல்புக்குத் திரும்பியிருக்கும். அப்போது ஆன்டி டி.பி.ஓ என்ற எதிர்ப்பொருள் சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உடலின் தற்காப்பு அமைப்பே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் இருக்கிறதா என்பதை அது காட்டும்.

இனி என் கதை. அது சற்று நீளமானது, ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் அதில்தான் இருக்கிறது. எனக்கு முதல் சோதனையிலேயே டி.எஸ்.எச் 12க்கு மேல் இருந்தது, ஃப்ரீ டி4 வரம்புக்குக் கீழே, எதிர்ப்பொருள் மிக அதிகம். ஐயத்துக்கு இடமில்லாத குறைபாடு, மாத்திரை தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால், தோல் மருத்துவர் ஒருவர் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினை 10 மில்லிகிராம் அளவில் எழுதித் தந்தார். அதையும் ஒழுங்காக உட்கொண்டேன். அடுத்த சோதனையில் டி.எஸ்.எச் 0.05 ஆக வீழ்ந்து, ஃப்ரீ டி4 வரம்பைத் தாண்டி நின்றது. மாத்திரை மிஞ்சிவிட்டது என்று சொல்லி அளவைப் பாதியாகக் குறைத்தார்கள்.

நான் அப்போதே சொன்னேன்: எனக்குப் படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை, மாறாக உடம்பு குளிர்கிறது, மலச்சிக்கல் தீரவில்லை, முகம் வீங்கியிருக்கிறது. தைராய்டு கூடியவர்களுக்கு இருக்க வேண்டிய எதுவும் என்னிடம் இல்லை என்பதை எதிரில் அமர்ந்திருந்தவர் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்திருந்தால் கண்டிருக்கலாம். அவர் தாளையே பார்த்தார். தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்ததற்கு இருந்த மதிப்பு, வாய்விட்டுச் சொன்ன சொல்லுக்கு இல்லை. அளவைக் குறைத்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. மாடிப்படி ஏறுவதே மலையேற்றமாயிற்று. வீட்டில் சிலர் அதைச் சோம்பல் என்று சொன்னதை நான் இன்றுவரை மறக்கவில்லை. சோதனை முடிவு சரியில்லாமல் வந்தால்தான் நோய், முடிவு வேறு மாதிரி வந்தால் அது குணக்கேடு என்று நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இரண்டாவதாக நான் பார்த்த மருத்துவர் தாளை ஓரமாக வைத்துவிட்டு, வேறு என்ன மாத்திரை உட்கொள்கிறீர்கள், சத்து மாத்திரைகளையும் விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டார். பயோட்டின் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. பல ஆய்வகக் கருவிகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று இறுகப் பற்றும் இயல்பைக் கொண்டே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் அந்த அளவீடு குழம்பி, டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக உயர்ந்தும் காட்டும். ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் வரை இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாட்கள் முன்னதாகப் பயோட்டினை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தபோது என் உண்மையான டி.எஸ்.எச் 18ஐ எட்டியிருந்தது.

மாத்திரையின் பழைய அளவு திரும்பியது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், அளவை மாற்றிய பின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுசோதனையில் பொருள் உண்டு. அதற்குமுன் எடுக்கும் எண் பாதி வழியில் எடுத்த எண். நானும் காத்திருந்து பார்த்தேன், 2.3 என்று வந்தது. குளிரும் மலச்சிக்கலும் விலகின. சோர்வு மட்டும் விலகவில்லை.

உங்கள் நிலைக்கு மிக அருகில் வரும் பகுதி இதுதான். எண் சரியாகிவிட்டது, உடம்பு சரியாகவில்லை. அந்த மருத்துவர் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிடாமல் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஒருவாறு எல்லையில் இருந்தபோதும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 8 என்று இருந்தது. 15க்குக் கீழே போனாலே இரும்புச்சத்துக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இரும்பு மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில்தான் எனக்கு உயிர் வந்தது. ஒன்றை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்: இரும்பும் கால்சியமும் தைராக்சின் உடலில் சேர்வதைத் தடுக்கும், தைராக்சினுக்கும் இவற்றுக்கும் இடையே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே உண்ண வேண்டும்.

ஆகவே 5.8 என்ற எண் உங்கள் சோர்வுக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், இதே போன்ற இலேசான உயர்வு இருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரில் ஒரு பகுதியினருக்குத் தைராக்சினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்தும் சோர்விலோ பிற அறிகுறிகளிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இளையவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குவார்கள், அதற்குக் கீழே வயது, அறிகுறிகள், எதிர்ப்பொருள் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுப்பார்கள். இரும்பு, பி12, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு ஆகியவற்றையும் இதே மூச்சில் விசாரிக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அதுவும் ரத்தசோகையைப் போல மருந்துள்ள நோய்தான்.

நீங்கள் கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ இந்தக் காத்திருப்பு உங்களுக்குப் பொருந்தாது. கர்ப்பக் காலத்துக்கு வரம்புகளே வேறு, உடனே மருத்துவரைப் பாருங்கள். டி.எஸ்.எச் இயல்பாகவோ குறைவாகவோ இருந்து ஃப்ரீ டி4 தாழ்ந்திருப்பவர்களும், குறிப்பாகப் பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்குக்கு ஆளானவர்கள், காத்திருக்கக் கூடாது. கோளாறு பிட்யூட்டரியில் இருக்கலாம், அங்கே டி.எஸ்.எச் மட்டும் பார்த்தால் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வாழ்நாள் முழுவதும் மாத்திரை என்ற அச்சம் உங்களுக்கு இருக்குமென்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், டி.எஸ்.எச் உயர்வும் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்த பெண்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 பேர் அளவில்தான் முழுக் குறைபாட்டுக்குப் போனார்கள். எதிர்ப்பொருள் இல்லாதவர்களில் அதைவிடக் குறைவு. மறுசோதனையிலும் 5.8 அளவிலேயே நின்று, எதிர்ப்பொருளும் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுசோதனைக்குப் போகும்போது, உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயர்களையும் அளவோடு ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள், கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.