காப்பி மெஷினுக்கு முன்னாடி பொடியைப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். கோலாலம்பூர் செந்தூல்ல ஃப்ளாட்ல இருக்கோம், வீட்ல நாலு பேரு. மாமியாருக்கு காலையில ஃபில்டர் காப்பி இல்லாம ஓடாது, எங்க வீட்டுக்காரருக்கு கோப்பி ஓ (பால் சேர்க்காத கறுப்புக் காப்பி), எனக்கு பால் காப்பி எதுவா இருந்தாலும் சரி. ஆன்லைன்ல 20 பார் எஸ்பிரெஸோ மெஷின் ஒண்ணு 260 வெள்ளிக்கு (ரிங்கிட்) சேல்ல போகுது. என் பட்ஜெட் 200தான், ஆனா கடையில குடிக்கிற காசு மிச்சமாகுமேன்னு யோசிக்கிறேன். வாங்கிடலாமா?
- வாசகி, செந்தூல்

பதில்: வேணாம்மா. உங்க வீட்ல மூணு பேருமே எஸ்பிரெஸோ குடிக்கிறவங்க இல்லையே, பிறகு எதுக்கு அந்த மெஷின்? 20 பார்ங்கிற நம்பரைப் பார்த்து மயங்கிடாதீங்க. எஸ்பிரெஸோ எறங்க சுமார் 9 பார் அழுத்தம் போதும், பெட்டி மேல போட்டிருக்கிறது பம்ப்பு அதிகபட்சமா எவ்வளவு தள்ளும்ங்கிற கணக்கு, அது ஏறுனா ருசியும் ஏறும்னு இல்ல.

அதைவிட பெரிய விஷயம் பொடி. நம்ம ஊரு கோப்பி ஓவுக்கு கொட்டையை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிறாங்க, அந்தக் கறுப்பும் பளபளப்பும் அதனாலதான் வருது. அதுல சுடுதண்ணி பட்டா பிசுபிசுன்னு ஒட்டும், மெஷினோட சல்லடை ஓட்டையில போய் அடைச்சுக்கும். கொட்டையை உள்ளயே அரைக்கிற மெஷின் சிலதோட மேனுவல்லயே சர்க்கரை பூசுன கொட்டை போடக்கூடாதுன்னு எழுதியிருக்கும். அப்போ மெஷினுக்குன்னு தனிக் கொட்டை, அதை அரைக்க தனி கிரைண்டர்னு செலவு 260 வெள்ளியோட நிக்காது.

நான் சொல்றது, ரெண்டு சாமான் வாங்குங்க. பிரிக்ஃபீல்ட்ஸ்லயோ மஸ்ஜிட் இந்தியாவுலயோ பாத்திரக்கடையில நாலு பேருக்கு ஆகுற மாதிரி எவர்சில்வர் ஃபில்டர் ஒண்ணு, கோப்பி ஓவுக்கு கோப்பித்தியாம்ல (காப்பிக் கடையில) வெச்சிருப்பாங்களே அந்த கைப்பிடி வெச்ச துணி வடிகட்டி ஒண்ணு. ரெண்டும் சேர்ந்து நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும், மிச்சத்துக்கு நல்ல பொடி வாங்குங்க, ருசி அங்கதான் இருக்கு.

ஃபில்டர்ல பல பேருக்கு டிகாஷன் தண்ணியா வருது, இல்ல எறங்கவே மாட்டேங்குது. பொடியைப் போட்டதும் குடை மாதிரி இருக்கிற தட்டை வெச்சு லேசா சமப்படுத்துனா போதும், அழுத்தி அழுத்தி இறுக்குனா சொட்டாது, சும்மா விட்டா தண்ணி கடகடன்னு ஓடிடும். முதல்ல கொஞ்சமா சுடுதண்ணி விட்டு பொடி நனைஞ்சு உப்ப அரை நிமிஷம் விடுங்க, பிறகு முழுசா ஊத்தி மூடுங்க. பதினஞ்சு இருபது நிமிஷத்துல கெட்டியா எறங்கியிருக்கும். மாமியார் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி போட்டு வெச்சிட்டா நீங்க பாலைக் காய்ச்சுனா போதும், அதே டிகாஷன் உங்களுக்கும் ஆச்சு. நாளாக நாளாக அடித்தட்டு ஓட்டை அடைச்சுக்கும், அப்போ மேல் பாத்திரத்தை நல்லா காய வெச்சு அடிப்பக்கத்தை அடுப்பு நெருப்புல காட்டுனா உள்ள இருக்கிற பொடி கருகி உதிர்ந்துடும், தட்டிட்டு கழுவிடலாம். பிளாஸ்டிக் குமிழ் வெச்ச மாடலா இருந்தா மட்டும் பார்த்து.

துணி வடிகட்டிக்கு சோப்பு வேணாம், அந்த வாசனை துணியை விட்டுப் போகவே போகாது. சுடுதண்ணியில அலசி காத்தாட தொங்கவிடுங்க, நம்ம ஊரு புழுக்கத்துல ஈரமா சுருட்டி வெச்சா பூஞ்சை பிடிச்சிடும். துணி நாறுனா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, விலை அப்படி ஒண்ணும் இல்ல.

கேள்வி: கடையில அலுமினியம் மோக்கா பாட் (அடுப்பு மேல வெச்சு காப்பி எறக்குற பாத்திரம்) பார்த்தேன், அழகா இருந்துச்சு, விலையும் கம்மி. எங்க காண்டோவுல இண்டக்‌ஷன் அடுப்புதான். வேலை செய்யுமா?
- வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: அலுமினியம்னா செய்யாது தம்பி. இண்டக்‌ஷனுக்கு காந்தம் ஒட்டுற அடி வேணும், கடைக்குப் போறப்போ ஃப்ரிட்ஜ் காந்தம் ஒண்ணை பாக்கெட்ல போட்டுட்டுப் போய் ஒட்டிப் பாருங்க. எவர்சில்வர்லயும் எல்லாம் ஒட்டாது.

1933ல இத்தாலியில பியாலெட்டி கொண்டுவந்த சாமான் அது, இன்னைக்கு வரைக்கும் அமைப்பு பெருசா மாறல, அதனால கெட்டுப்போக அதுல ஒண்ணுமே இல்ல, ரப்பர் வளையம் மட்டும் தேய்ஞ்சா மாத்தணும். கம்மி காசுல ஸ்ட்ராங்கான காப்பி வேணும்னா என்னோட முதல் சாய்ஸ் இதுதான். கீழ தண்ணி வால்வுக்கு மேல போகக்கூடாது, பொடியை அமுக்கக்கூடாது, சூடு கம்மியா வைங்க. மூடியைத் திறந்து வெச்சுப் பாருங்க, முதல்ல கரும்பழுப்பா மெதுவா வழியும், வெளுத்து நுரையா வந்து கொரகொரன்னு சத்தம் கேட்டதும் உடனே எடுத்துடுங்க, அதுக்கு மேல வர்றது கசப்பு மட்டும்தான். கோப்பி ஓ பொடி இதுலயும் வேணாம், சர்க்கரை சேர்க்காத சாதா பொடி போடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு கொலஸ்ட்ரால் இருக்கு, ஒரு நாளைக்கு நாலஞ்சு காப்பி குடிப்பாரு. ஃப்ரெஞ்ச் பிரஸ் வாங்கிக் கொடுக்கலாமா, இல்ல டிரிப் மெஷினா?
- வாசகி, செராஸ்

பதில்: டிரிப் மெஷினே வாங்குங்க, பேப்பர் ஃபில்டர் போடுற மாதிரி. காப்பிக் கொட்டையில இருக்கிற எண்ணெய்ல கஃபெஸ்டால்னு ஒரு பொருள் இருக்கு, அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏத்தும். பேப்பர் அதைப் பெரும்பாலும் பிடிச்சு வெச்சுக்கும், ஃப்ரெஞ்ச் பிரஸ்ஸோட கம்பி வலையில அது தாராளமா எறங்கிடும். நாலஞ்சு வேளை குடிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லம்மா, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கிறப்போ காப்பிக் கணக்கையும் சொல்லச் சொல்லுங்க, கண்டென்ஸ்ட் மில்க் ஊத்திக் குடிச்சா அதையும் சேர்த்து.

100 வெள்ளிக்கு உள்ளயும் வெளியவும் டிரிப் மெஷின் நிறைய கிடைக்குது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம் பொடி. காப்பி எறங்குனதும் ஃப்ளாஸ்க்ல ஊத்திடுங்க, அந்த சூட்டுத் தட்டு மேலயே விட்டா அரை மணி நேரத்துல கருகுன வாடை வந்துடும்.

கேள்வி: கேப்சூல் மெஷின் ஆஃபர்ல ரொம்ப மலிவா இருக்கே?
- வாசகர், கிளானா ஜெயா

பதில்: மெஷின் மலிவு, கேப்சூல் மலிவு இல்ல. ஒரு கேப்சூல் ரெண்டு வெள்ளின்னே வெச்சுக்குங்க, வீட்ல ஒரு நாளைக்கு மூணு குடிச்சா மாசம் 180 வெள்ளி. தனியா இருக்கீங்க, காலையில ஒரே ஒரு கப்புன்னா யோசிக்கலாம், குடும்பத்துக்கு வேணாம்.

கேள்வி: ஜப்பான்ல இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் காப்பி மேக்கர் ஒண்ணு 50 வெள்ளிக்கு விக்கிறாங்க. எடுக்கலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அடியில ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க. ஜப்பான் சாமான் 100 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம வீட்டு பிளக்ல வர்றது 230, 240. அடாப்டர் மாட்டுனா பிளக்கோட கால்தான் மாறும், வோல்ட் மாறாது, சுவிட்ச் போட்டதும் எரிஞ்சிடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்குற காசுக்கு சிரிம் (மலேசியத் தரச் சான்று) லேபிளோட, மூணு கால் பிளக்கோட புதுசே வாங்கிடலாம், ஒரு வருஷ வாரண்டியும் கிடைக்கும். ரசீதை மட்டும் தொலைச்சிடாதீங்க.