ஐந்து வயதுக்கு மேல் மூளை கற்காதா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்கு ரத்தப் பரிசோதனையில் ஃப்ரஜைல் எக்ஸ் என்று வந்திருக்கிறது. மாமன் மகனைக் கட்டியதால்தான் என்கிறார்கள். ஐந்து வயதுக்கு மேல் மூளை மாறாதாம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். ஒரு மொழியை நிறுத்திவிடலாமா?

பதில்: முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள் அம்மா. ஃப்ரஜைல் எக்ஸ் என்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதாவதால் வரும், கற்பதைப் பாதிக்கும் பிறவிக் குறைபாடு. ஆண் குழந்தைக்கு அந்தக் குரோமோசோம் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. நீங்கள் சொந்தத்துக்கு வெளியே அசலில் கட்டியிருந்தாலும் இது வந்திருக்கலாம். உங்களிடம் இது இருப்பது உங்களுக்கே தெரியாது, இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

எஃப்எம்ஆர்1 என்ற அந்த மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வரும். அது 200 தடவையைத் தாண்டினால் மரபணு செயலிழந்துவிடும், அதிலிருந்து வரவேண்டிய புரதமும் வராது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் மடைப்பலகை போல நிற்பது அந்தப் புரதம். ஒன்றைக் கற்கும்போது அங்கே புதுப் புரதங்கள் அளவோடு உருவாக வேண்டும். பலகை இல்லாத மடையில் தண்ணீர் கண்டபடி பாய்வது போல அவை மிகுந்துவிடுகின்றன. உறுதிப்பட வேண்டிய இணைப்பு மெலிந்து, முதிராமல் நிற்கிறது. நேற்றுச் சொன்னது இன்று மறந்துபோவது அதனால்தான். பிள்ளையின் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். ஆனால் பாய்ச்சல் நிற்கவில்லை, மூளை மாறிக்கொண்டேதான் இருக்கிறது. சின்ன வயதில் வேகம் அதிகம், அவ்வளவுதான். எட்டு வயதிலும் பதினெட்டிலும் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் கற்கிறார்கள்.

எப்படிக் கற்பிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வரிசையாக அடுக்கிச் சொல்வது இவர்களில் பலருக்குக் கஷ்டம். முழுசாகப் பார்ப்பது எளிது. எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கச் சொல்வதற்கு முன் உப்பு டப்பாவில் 'உப்பு' என்று ஒட்டுங்கள், சொல்லை ஒரு படம் போலப் பிடித்துக்கொள்வான். காலையில் பல் தேய்ப்பதிலிருந்து பள்ளி போவது வரை படமாக ஒட்டி வையுங்கள். கணக்கு மெதுவாகத்தான் வரும்; கடையில் காசு கொடுத்து வாங்கிப் பழகட்டும். 'என் கண்ணைப் பார்த்துப் பேசு' என்று மட்டும் அதட்டாதீர்கள். பதற்றம் ஏறினால் அன்றைய பாடம் போச்சு. பதற்றத்துக்கும் துறுதுறுப்புக்கும் மருந்து உண்டு, இதை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை.

இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வராது. தமிழை நிறுத்தினால் அப்பத்தாவிடம் அவன் எதில் பேசுவான்? நிறுத்தாதீர்கள்.

அப்புறம், உங்களிடம் இருப்பது உங்கள் தங்கையிடமும் இருக்கலாம். அவருக்குக் கல்யாணம் பேசுகிறீர்கள் என்றால் அவரும் மரபியல் ஆலோசகரைப் பார்த்து இதே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அடுத்த குழந்தை பற்றி யோசித்தால் நீங்களும் முன்கூட்டியே போய்ப் பாருங்கள்.