தள்ளிப்போடு, புட் ஆஃப், நடுவில் ஒரு சண்டை: டீச்சர் கேள்வி பதில்

வெளிநாடு போகிற நர்ஸ்களுக்கு நாகர்கோவிலில் பேச்சு இங்கிலீஷ் எடுக்கிறேன். ‘புட்’ என்றால் வை, ‘ஆஃப்’ என்றால் அணை, சேர்த்துச் சொன்னால் மட்டும் தள்ளிப்போடு எப்படி வந்தது? இந்த மாதிரி வினையோடு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப், அந்தச் சந்தேகங்களை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பதில் சொல்லத் தோன்றியவை இவை. பட்டியல் மட்டும் கேட்காதீர்கள்.

மார்த்தாண்டம், நர்ஸ்: டீச்சர், மருத்துவத் துறை ஆட்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை ஓஇடி எழுதப்போறேன். டாக்டர் பேசினா பூரா புரியுது. பேஷன்ட் பேசினா ஒண்ணும் பிடிபடல. எனக்கு இங்கிலீஷ் வராதோ?

நல்லாவே வரும் மக்ளே. டாக்டர் பேசுவது நீ காலேஜில் படித்த இங்கிலீஷ். லத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்த சொற்கள், மார்த்தாண்டத்திலும் மான்செஸ்டரிலும் ஒன்றேதான். பேஷன்ட் பேசுவது அடுக்களை இங்கிலீஷ். நம்ம ஊர் ஆஸ்பத்திரிக்கு வருகிற பாட்டி ‘குமட்டல் உணர்வு உள்ளது’ என்றா சொல்கிறாள்? ‘ஓக்காளிக்குது பிள்ளே’ என்பாள். அங்கேயும் ‘வாமிட்’ குறைவு. ‘ஐ த்ரூ அப் ட்வைஸ்’ என்பார்கள், ரெண்டு தடவை வாந்தி எடுத்திருக்கிறார்.

ஒரு வார்டைக் கண்ணுக்குள் கொண்டு வா. முதல் கட்டிலில் தாத்தா, ‘மை நீ கேவ் வே’: முட்டு மடங்கி விழுந்திருக்கிறார். அடுத்த கட்டிலில், ‘தி டேப்லெட் ஹாஸ் வோர்ன் ஆஃப்’: மாத்திரையின் வேகம் இறங்கி வலி திரும்பிவிட்டது. ஜன்னலோரம் ஒரு பையன், ‘ஐ கேம் அவுட் இன் எ ராஷ்’: மேலெல்லாம் தடித்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தவளைப் பற்றி, ‘ஷி ஹாஸ் கம் ரவுண்ட்’. இருமுகிறவரிடம் நீ கேட்க வேண்டியது, ‘ஆர் யூ ப்ரிங்கிங் எனிதிங் அப்?’ சளி ஏதும் வருதா என்று அர்த்தம். இப்படிக் கட்டில் கட்டிலாகப் படி. அகர வரிசையில் படித்தால் பரீட்சைக்கு மறுநாளே ஓர்மையில் இருக்காது.

ரெண்டு இடத்தில் கவனம். இன்டர்வியூவில் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ என்றால் அந்த வருஷம் மயங்கி விழுந்தாய் என்றுதான் அவர்கள் காதில் விழும். ராணுவத்தில் பயிற்சி முடிக்கும் அணிவகுப்புக்கு ‘பாசிங் அவுட் பரேடு’ என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள், அது வேறு கதை. நீ ‘கிராஜுவேட்டட்’ என்று சொல். இன்னொன்று, ‘ட்ரபிள் பாசிங் வாட்டர்’. இது ஃப்ரேசல் வெர்ப்கூட இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. என் மாணவி ஒருத்தி இதைக் கேட்டதும் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்து நீட்டினாள். பாவம், அவர் சொன்னது ஒண்ணுக்குப் போகக் கஷ்டமாக இருக்கிறது என்று.

எழுத்துத் தேர்வுக் கடிதத்தில் மட்டும் ‘த்ரூ அப்’ வேண்டாம், ‘வாமிட்டட்’ எழுது. காதுக்கு ஒன்று, பேப்பருக்கு ஒன்று.

ஆரல்வாய்மொழி: முக்கியமான 500 ஃப்ரேசல் வெர்ப் பிடிஎஃப் இருந்தா அனுப்புங்க மேடம்.

மேலே முதல் பத்தியின் கடைசி வரியைப் படியுங்கள்.

தக்கலை, கல்லூரி மாணவர்: ‘பிக் அப் இட்’ தப்பு, ‘பிக் இட் அப்’ சரி. அப்போ ‘லுக் இட் ஆஃப்டர்’ ஏன் தப்பு?

நல்ல கேள்வி. பின்னால் வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். அப், அவுட், ஆஃப், அவே, பேக் மாதிரி ஆட்கள் பெரும்பாலும் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ வந்தால் ஒதுங்கி நடுவில் இடம் கொடுப்பார்கள்: புட் இட் ஆஃப், த்ரோ தெம் அவே. பெயர்ச்சொல் என்றால் ரெண்டு பக்கமும் உட்காரலாம், ‘பிக் அப் தி பேக்’, ‘பிக் தி பேக் அப்’ ரெண்டும் சரி. ஆஃப்டர், அட், ஃபார், இன்டு, வித் ஆகியவை இடம் கொடுக்காது: லுக் ஆஃப்டர் இட், லுக் இன்டு இட். பொறுத்துக்கொள் என்கிற மூன்று சொல் சேர்ந்த ‘புட் அப் வித்’திலும் கடைசியில்தான்: புட் அப் வித் இட்.

முட்டம்: வடசேரியில பஸ் இறங்கினா ‘கெட் டவுன்’ தானே?

இந்தியாவில் ஆமாம். வெளியே ‘கெட் ஆஃப்’. எழுந்து நின்று நடமாட முடிகிற பஸ், ரயில், கப்பலுக்கு கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோவுக்கு கெட் இன், கெட் அவுட். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் கெட் ஆன், உங்க ஊர் வள்ளத்தில் கெட் இன்.

குளச்சல்: நம்ம பாஷையில இப்படிக் கோணல் ஒண்ணும் கிடையாதே டீச்சர்?

யார் சொன்னது? வேலைக்குப் போகிற மகள் ‘பிள்ளையப் பாத்துக்கிடுங்கம்மா’ என்று விட்டுப்போகிறாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமா? கஞ்சி கொடுக்க வேண்டும், கழுவிவிட வேண்டும். பார் வேறு, பார்த்துக்கொள் வேறு. லுக் வேறு, லுக் ஆஃப்டர் வேறு. களியக்காவிளை தாண்டினால் ‘நோக்கிக்கோ’, அங்கேயும் கண்ணை வைத்துத்தான் சொல்கிறார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாச்சு என்கிறோம், யாரும் எதையும் தள்ளவுமில்லை, போடவுமில்லை. கண்டுபிடி, ஃபைண்ட் அவுட். விட்டுக்கொடு, கிவ் இன். இங்கிலீஷில் இது அந்நியர்களைப் படுத்தும் என்று 1755இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பூதப்பாண்டி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டீர்களே அம்மா. பார்த்துக்கொள் என்பதில் கொள் துணைவினை. கண்டுபிடி கூட்டுவினை. தமிழில் பின்னால் நிற்பதும் வினை. உங்கள் ‘ஆஃப்டர்’ வினையா?

இல்லை ஐயா. வடிவத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. நான் சொன்னது, ரெண்டு சொல் சேர்ந்து மூன்றாவது பொருள் பிறக்கிறதே, அதை மட்டும்.

குழித்துறை: தள்ளிப்போடுன்னு டீச்சர் சொன்ன பிறகுதான் புட் ஆஃப் மண்டையில ஏறிச்சு. இலக்கணம் எதுக்கு சாரே?

பூதப்பாண்டி: இலக்கணம் எதற்கா? ‘விடு’ எங்கே சேர்ந்தாலும் பெரும்பாலும் செயல் முடிந்ததைக் காட்டும். குடித்துவிடு, தின்றுவிடு, எழுதிவிடு. அப்படி ஒரு ஒழுங்கை உங்கள் டீச்சரின் ஆங்கிலத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஐயா, மாட்டிக்கொண்டீர்கள். ‘அப்’ இருக்கிறது. ட்ரிங்க் அப், குடிச்சிரு. ஈட் அப், தின்னுரு. யூஸ் அப், தீர்த்துரு. வெறும் ‘ட்ரிங்க்’ என்றால் ஒரு மடக்கும் குடிதான், ‘ட்ரிங்க் அப்’ என்றால் கிளாஸ் காலியாக வேண்டும். எல்லா ‘அப்’பும் இப்படி இல்லை, கைவிடு என்கிற கிவ் அப் தனி ரகம். ஆனாலும் ‘விடு’வை வைத்து ‘அப்’ சொல்லிக்கொடுக்கலாம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் உங்களைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

(இதற்குப் பிறகு இதே சண்டையில் ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தொல்காப்பியம் வரை போய்விட்டார். அதைப் பூதப்பாண்டி ஐயாவிடம் கேளுங்கள்.)

கருங்கல்: கோப் அப் வித் சரியா?

‘அப்’பைக் களைஞ்சிருங்க. கோப் வித், சமாளி.

திருவட்டார்: ‘லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ’?

மீட்டிங் யூ. ஆறாவது ஆள் நீங்கள்.

தோவாளை: டிஸ்கஸ் அபவுட்?

அது ஃப்ரேசல் வெர்ப் இல்லை, தப்பு. ‘அபவுட்’ வேண்டாம்.

இரணியல்: யுகே விசாவுக்கு எந்த ஏஜென்சி நல்லது?

நான் இங்கிலீஷ் டீச்சர்.

நாகர்கோவில்: பிடிஎஃப்…

இல்லை.

மார்த்தாண்டம், நர்ஸ், மறுபடி: டீச்சர், கடைசியா ஒண்ணு. பேஷன்ட் இறந்துட்டா வீட்டுக்காரங்ககிட்ட ‘பாஸ்டு அவே’ன்னு சொல்றதா, ‘டைடு’ன்னா? டைடு கேக்க முரட்டுத்தனமா இருக்கு.

நம்ம ஊரில் ‘போய்ச் சேர்ந்துட்டாரு’ என்கிற மாதிரிதான் பாஸ்டு அவே. ஆனால் அங்கே முதல் தடவை செய்தி சொல்லும்போது ‘டைடு’ என்றே சொல்லப் பழக்குவார்கள். ‘வி லாஸ்ட் ஹிம்’, ‘ஹி ஹாஸ் கான்’ என்றால் பதறி நிற்கிற ஆளுக்கு வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றும். பக்கத்தில் உட்கார், பையச் சொல், சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. பிறகு அவர்கள் வாயில் பாஸ்டு அவே வந்தால் நீயும் அதையே சொல்லலாம்.