சீட்டும் பேனாவும்

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடுபவர்களில் நல்ல எழுத்தாளர் உண்டா?

பதில்: எஸ். ஜே. சைமன் இருக்கிறாரே! 1904-இல் மஞ்சூரியாவின் ஹார்பினில் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பிரிட்ஜில் சீட்டை ஆடுவதற்கு முன் எத்தனை பிடி எடுப்போம் என்று ஏலம் கேட்பார்கள்; அதற்கான ஏகோல் என்ற முறையை உருவாக்கியவர்களில் ஒருவர். கேரில் பிராம்ஸுடன் சேர்ந்து நகைச்சுவை நாவல்களும் எழுதினார். 1937-இல் வந்த முதல் நாவலில் பாலே மேடையிலேயே கொலை விழும்.

எனக்கு உயிர் என்னவோ அவருடைய 1945 பிரிட்ஜ் புத்தகம்தான். அதில் வரும் திருமதி குகன்ஹைம் பாவம், ஆட்டம் அவ்வளவாக வராது. அப்படிப்பட்டவர் கூட்டாளியாக அமைந்தால், அவருக்குப் புரிகிற ஏலத்தையே கேட்கச் சொல்கிறார் சைமன். அதைப் படித்த பிறகு நானும் மாறினேன். கையில் ஏழு இஸ்பேட், எதிரே புதியவர் என்றால் நுணுக்கமெல்லாம் வேண்டாம், நேராக நான்கு இஸ்பேட் என்று ஏலம் கேட்பேன். ஆடும் வேலை என்னுடையது என்பதால், அவரும் நிம்மதியாகச் சீட்டை மேசையில் இறக்கி வைப்பார்.

சைமன் 1948-இல், 44 வயதிலேயே போய்விட்டார். இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பார்.