பழைய வீட்டை ஜேசிபி வைத்து இடிக்காதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அரை கிரவுண்டில் கொள்ளுத்தாத்தா கட்டிய வீடு. மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட தளம்) விரிசல் விட்டுவிட்டது. இடித்துவிட்டு, பழைய பொருள், மண் எல்லாம் வைத்துக் குறைந்த செலவில் கட்டலாமா? ஜேசிபியில் சீக்கிரம் காலி செய்து தருகிறேன் என்கிறார் கான்ட்ராக்டர்."

முதலில் அந்த ஜேசிபியை நிறுத்துங்கள். நீங்கள் வெளியே தேடப்போகும் பொருளில் பாதிக்கு மேல் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. காரை செங்கல்லை விட மென்மை என்பதால் கொத்தினால் அது உதிர்ந்து கல் முழுசாக வரும். சிமென்டில் கட்டிய சுவரில் கல்தான் உடையும். அதனால் முட்டு கொடுத்து, ஆள் வைத்து, மேலிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். டெரஸைத் தாங்கும் கட்டைகள் தேக்காக இருந்தால் பொக்கிஷம். சுவருக்குள் செருகியிருந்த முனைதான் வழக்கமாக மக்கியிருக்கும், அதை அறுத்துத் தள்ளிவிட்டு நிலைக்கும் ஜன்னலுக்கும் எடுத்துக்கொள்ளலாம். கூலி கூடத்தான் ஆகும், ஆனால் அந்தத் தரத்தில் மரம் இன்றைக்கு வாங்கிப் பாருங்கள், தெரியும்.

கடல் பக்கம் என்பதால் செங்கல்லில் உப்பு ஏறியிருக்கும், அதுவும் தரையை ஒட்டிய மூன்று நான்கு அடியில் அதிகம். அந்தக் கற்களைச் சுவருக்கு எடுக்காதீர்கள், உடைத்துத் தரைக்கு அடியிலும் போட வேண்டாம், உப்பு மறுபடி மேலே ஏறும். மேல்பகுதிக் கல்லில் சிலதை ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்து எடை பாருங்கள். 3 கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தாலும் வேண்டாம்.

மண் சுவர் ஆசை புரிகிறது, ஆனால் உங்கள் இடத்துக்கு நான் சொல்லமாட்டேன். கடலோர மணலில் களி கிடையாது, நல்ல மண்ணை லாரியில் இறக்கினால் சிக்கனமும் போச்சு, சூழல் அக்கறையும் போச்சு. 2023 மிக்ஜாமில் வடசென்னையில் தண்ணீர் நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குறைகிற கல்லுக்கு ஃப்ளை ஆஷ் செங்கல் வாங்குங்கள், அனல்மின் நிலையச் சாம்பல் நம் பக்கத்திலேயே கொட்டிக் கிடக்கிறது. ஒரே அளவில் வருவதால் ராட் ட்ராப் முறையில், கல்லை ஒருக்களித்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டலாம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (Laurie Baker) பரப்பிய முறை இது. கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே குறைவாக இறங்கும். பழைய கல் அளவு மாறி மாறி இருக்கும், அதில் இதை முயல வேண்டாம்.

பழைய கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பொரிந்து விழும்.

கடக்கால், பெல்ட் (சுவர் மேல் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை), தளம் இதிலெல்லாம் மட்டும் பழசு வேண்டாம். கம்பி புதுசு, சிமென்ட் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசொலானா சிமென்ட்), கலவைக்கு உப்பில்லாத தண்ணீர். போர் தண்ணீர் கரித்தால் லாரித் தண்ணீர் வாங்கிவிடுங்கள். பேஸ்மட்ட உயரத்தைத் தெருவில் வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே வைத்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரிடம் வரைபடம் வாங்கிய பிறகே பிரிக்கத் தொடங்குங்கள். அக்கம்பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள்.