மூன்று முறை பாதியில் விட்ட பாடநெறி

தம்பி, களுவாஞ்சிக்குடியிலிருந்து இணையத்தில் பைதான் என்ற கணினி நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கி, மூன்றாம் முறையும் நான்காம் கிழமையோடு விட்டுவிட்டேன், எனக்கு மூளை காணாது போல என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். எம்ஐடி, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களின் இணையப் பாடநெறிகளைப் பற்றி 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதமளவுதான்.

வீடியோக்களை இரண்டு தரம் பார்த்தேன் என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். கல்வி ஆய்வாளர் கெனத் கோடிங்கரின் குழு 2015இல் ஒரு இணைய உளவியல் பாடநெறியை ஆராய்ந்து, பயிற்சி செய்வதன் பலன் வீடியோ பார்ப்பதையும் வாசிப்பதையும்விட ஆறு மடங்கு என்று கண்டது. அதனால் வீடியோவை ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். கொப்பியை எடுத்து, திரையைப் பார்க்காமல் அதில் வந்த ஃபார் லூப்பை, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் நிரல் வரிகளை, பேனையால் எழுதுங்கள். முதல் வரி முடிவில் முக்காற்புள்ளி விடுபடும், அடுத்த வரிக்கு நாலு இடைவெளி மறந்துபோகும். அதைத் திருத்தும்போதுதான் பாடம் கைக்கு வரும்.

பிறகு, தனியே படிக்காதீர்கள். மட்டக்களப்பில் நான் முதலில் முடித்த பாடநெறி, ஞாயிறுதோறும் இரண்டு சிநேகிதர்களோடு எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து செய்தது. ஊரில் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நான்காம் கிழமையில் எந்தப் பயிற்சியில் நின்றீர்கள்? அதை அப்படியே இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.