ஊட்டியிலிருந்து சென்னைக்கு ஒரு வழி போக ஏன் போய்வர வாடகை கேட்கிறார்கள்?

'டிராப்' என்றால் உங்களை ஓர் ஊரில் இறக்கிவிட்டுக் கார் திரும்பிவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திரும்பும் செலவை யாராவது கொடுத்தாக வேண்டுமே. ஊட்டியிலிருந்து சென்னை சுமார் 550 கி.மீ.; டிரைவர் அண்ணன் நள்ளிரவில் உங்களைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்துக் காரிலேயே ரெண்டு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, அவ்வளவு தூரமும் காலி வண்டியை ஓட்டி வர வேண்டும். ஆள் இல்லை என்று டீசலும் டோலும் குறையாது.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் ஏற்றிப் போகும் லாரியைப் பாருங்கள். திரும்பும்போது அரிசியோ சிமெண்டோ லோடு கிடைத்தால் வாடகை இறங்கும், கிடைக்காவிட்டால் கேரட்காரர் தலையில்தான் விழும். காரும் அப்படித்தான். கோவை, சென்னை மாதிரி பெரிய ஊர்களுக்கு இடையே திரும்பு சவாரி சீக்கிரம் கிடைக்கும், ஊட்டி, கோத்தகிரி, மஞ்சூர் மாதிரி மலை ஊர்களுக்குத் திரும்பக் கிடைப்பது கஷ்டம். அதனால் பஸ்ஸில் கோவை வரை இறங்கி அங்கே டிராப் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அப்புறம், ஒரு வழி என்றால் பாதி வாடகை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கிலோமீட்டர் ரேட் கூடுதலாக இருக்கும், டோலும் டிரைவர் பேட்டாவும் பெரும்பாலும் தனி, ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.